இடது கைப் பிடி

திருப்பதி
16 ஜூன் 2024
பேனா: ஜப்பான், மெல்லிய முனை. மை: கருநீலம், தண்ணீர் பட்டாலும் கரையாதது.

பிரமிளா,

நீ என் நம்பரை பிளாக் செய்திருப்பதால் கடிதம் எழுதுகிறேன். மேலே பேனாவும் மையும் போட்டிருப்பதைப் பார்த்ததும் உனக்கு எரிச்சல் வரும். பேனா பைத்தியங்கள் ஒருவருக்கொருவர் எழுதும்போது அப்படித்தான் ஆரம்பிப்போம். கை பழகிவிட்டது.

விஷயம் இதுதான். ஜெர்மனியிலிருந்து ஒரு பார்சல் வந்து சென்னை கஸ்டம்ஸில் நிற்கிறது. வழக்கம்போல உன் பெயரிலும் உன் போன் நம்பரிலும் போட்ட ஆர்டர். கல்யாணமான நாளிலிருந்து வெளிநாட்டிலிருந்து நான் வரவழைத்த ஒவ்வொரு பேனாவும் மை பாட்டிலும் உன் பெயரில்தானே வந்திருக்கிறது. நான் ஸ்ரீசிட்டி கம்பெனி பஸ்ஸில் விடிவதற்குள் ஏறிவிடுவேன், கூரியர்காரன் வரும்போது வீட்டில் இருந்தது நீதான். என் ஆதாரில் இருப்பதோ தொலைந்துபோன சிம்மின் நம்பர். உனக்கு ஒரு மெசேஜ் வந்திருக்கும். அதில் உள்ள லிங்கைத் தொட்டு, ஆதார் நம்பரைப் போட்டு, வருகிற ஓ.டி.பி.யைக் கொடுத்துவிட்டால் பார்சலை விட்டுவிடுவார்கள். மாதக் கடைசிக்குள் கொடுக்காவிட்டால் வந்த வழியே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

இது எனக்கான பேனா இல்லை. கௌசிகாவுக்கு. எழுதப் பழகும் பிள்ளைகளுக்கென்றே ஜெர்மனியில் மைப் பேனா செய்கிறார்கள். விரல் பிடிக்கும் இடத்தில் ரப்பரில் பள்ளம் இருக்கும், விரல் தானாகப் போய் அதில் உட்காரும். வலது கைக்கு ஒரு விதம், இடது கைக்கு ஒரு விதம். இது இடது கைக்கு. பச்சை நிறத்தை அவளே போனில் படம் பார்த்துத் தேர்ந்தெடுத்தாள். பள்ளிக்கூடத்தில் அந்தக் கலாட்டா நடப்பதற்கு முன்பே போட்டது.

எல்.கே.ஜி. மிஸ்ஸிடம் நான் கத்தியது உனக்கு அவமானம்தான், ஒத்துக்கொள்கிறேன். பிள்ளையின் இடது கையைத் துப்பட்டாவால் நாற்காலியோடு கட்டிவைத்திருந்ததைப் பார்த்த பிறகு எனக்கு மெதுவாகப் பேச வரவில்லை. அவர்கள் டி.சி.யைக் கையில் கொடுத்தார்கள். நீ அவளைத் தூக்கிக்கொண்டு சித்தூருக்கு உன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாய். அங்கே யு.கே.ஜி.யில் சேர்த்திருப்பதே தணிகாசலம் மச்சான் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

என் மேல் கோபம் அப்படியே இருக்கட்டும். அந்த ஓ.டி.பி.யை மட்டும் கொடுத்துவிடு.

மோகன்ராஜ்


சித்தூர்
21 ஜூன் 2024
பேனா: ஜூஸ் பேக்டரியில் ஓசியில் கொடுத்தது. மை: உள்ளே இருப்பது.

கௌசிகா நைனாவுக்கு,

மெசேஜ் வந்தது. ஒன்றல்ல, மூன்று வந்தது. தொடவில்லை. தொடப்போவதும் இல்லை.

மாம்பழ சீசன். பேக்டரி வாசலில் டிராக்டர் வரிசை ரோடு வரை நிற்கிறது, எடைச்சீட்டு போட்டுப் போட்டு என் கழுத்து ஒடிகிறது. அதற்கு நடுவே ஜெர்மனிப் பேனாவுக்குக் காவல் காக்க எனக்கு நேரமில்லை.

நானும் பீச்சாங்கைக்காரிதான். உங்களுக்குத் தெரியாததா? ஒன்றாம் வகுப்பில் கையைக் கட்டித்தான் மாற்றினார்கள். செத்தா போனேன்? பி.காம். படித்தேன், வேலைக்குப் போகிறேன், உங்களையும் கட்டிக்கொண்டேன். கௌசிகா கோவிலில் தீர்த்தத்துக்கு இடது கையை நீட்டினாளே, அய்யர் தராமல் அடுத்த ஆளுக்குப் போய்விட்டாரே, அப்போது அவள் முகம் என்ன ஆனது என்று நீங்கள் பார்க்கவில்லை. உண்டியல் பக்கம் நின்று யாருக்கோ மெசேஜ் போட்டுக்கொண்டிருந்தீர்கள், ஏதோ மை பாட்டில் கப்பலேறிவிட்டதா என்று. பார்த்தவள் நான்.

பள்ளிக்கூடத்தில் சத்தம் போட்டுவிட்டு நீங்கள் மறுநாள் கம்பெனி பஸ்ஸில் ஏறிவிட்டீர்கள். மற்ற பிள்ளைகளின் அம்மாக்கள் மூஞ்சியில் முழித்தது யார்? அவள் பெண்பிள்ளை. நாளைக்கு நாலு பேருக்குப் பரிமாற வேண்டியவள். இப்போதே மாற்றிவிட்டால் ஒரு வருஷத்துக் கஷ்டம். மாற்றாவிட்டால் வாழ்நாள் முழுக்க எல்லாரும் அவள் கையைத்தான் பார்ப்பார்கள்.

இங்கே நல்ல ஸ்கூல். அண்ணன் சொல்லி சீட்டு கிடைத்திருக்கிறது. கெடுத்துவிடாதீர்கள்.

பிரமிளா


திருப்பதி
25 ஜூன் 2024
பேனா: அதே ஜப்பான். மை: அமெரிக்கா, சீக்கிரம் காய்வது.

பிரமிளா,

படிப்பதற்கு முன்னால் ஒரு காரியம் செய். இந்தக் கடிதத்தின் முதல் வரியை உன் இடது கையால் தேய்த்துப் பார்.

ஒட்டாது. நான் எழுதி முடித்த உடனே தேய்த்துப் பார்த்தேன், அப்போதும் ஒட்டவில்லை. தெலுங்கோ தமிழோ இங்கிலீஷோ, எல்லாம் இடமிருந்து வலமாகத்தானே போகிறது? இடது கைப் பிள்ளை எழுதினால் எழுதிய ஈரத்தின் மேலேயே கை ஊர்ந்து போகும். நோட்டும் அழுக்கு, கையும் அழுக்கு, அதற்கும் சேர்த்து அடி. அதனால்தான் இந்த மையைத் தேடிப் பிடித்தேன். கை வந்து சேர்வதற்குள் காய்ந்துவிடும். உன் பெயரில்தான் ஏப்ரலில் வந்தது, நீ கிளம்பிப்போன வாரம். வாங்கி வைத்தது பக்கத்து வீட்டு கங்கையா மாமா.

நீ செத்துப்போகவில்லை, சரிதான். உன் கடிதத்தைத் திருப்பிப் பின்பக்கம் தடவிப் பார்த்தேன். எழுத்தெல்லாம் புடைத்துக்கொண்டு நிற்கிறது, இரண்டு இடத்தில் தாளே ஓட்டையாகிவிட்டது. காய் நறுக்குவது, துணி பிழிவது, கோபம் வந்தால் கதவைச் சாத்துவது எல்லாம் உனக்கு இடது கை. அந்தக் கை ஒரு தரம்கூடத் தடுமாறி நான் பார்த்ததில்லை. எழுத உட்கார்ந்தால் மட்டும் பல்லைக் கடித்துக்கொள்கிறாய். மளிகைக் கடைக்குச் சீட்டு எழுத வேண்டுமென்றால்கூட, "நீங்களே எழுதுங்க, என் எழுத்து அசிங்கம்" என்பாய். பி.காம். படித்தவள்.

அவளுக்கும் அது வேண்டாம் என்றுதான் கேட்கிறேன். இன்னும் நாலைந்து நாள் இருக்கிறது.

மோகன்ராஜ்


சித்தூர்
2 ஜூலை 2024
பேனா, மை: போன தடவை எழுதியதே. தினம் மாற்ற நான் என்ன மகாராணியா?

கௌசிகா நைனாவுக்கு,

என் கடிதத்தைத் தடவிப் பார்க்கச் சொல்லி யார் கேட்டது? படிக்கத்தான் அனுப்பினேன்.

என் எழுத்து அசிங்கம் என்று நானே சொல்லிக்கொள்ளலாம். நீங்கள் அதை எடுத்து எனக்கே எழுதி அனுப்புவது வேறு. கடிதத்தை மடித்து வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதேன், தெரிந்துகொள்ளுங்கள்.

நேற்று கௌசிகா வலது கையால் ஏ முதல் இசட் வரை எழுதி முடித்தாள். கோணல்தான். எஸ் திரும்பிக் கிடந்தது. ஆனாலும் மிஸ் நெற்றியில் ஸ்டார் ஒட்டி அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்து கண்ணாடியில் பார்த்துக்கொண்டே இருந்தாள். சோறு துன்னும்போதுகூட எடுக்கவிடவில்லை. அண்ணன் அவளைத் தோளில் தூக்கிவைத்துக்கொண்டு, "இனிமே எங்க கௌசிகா சோத்தாங்கைக்காரிடா" என்று தெருவில் சுற்றி வந்தார். அவளும் சிரித்தாள். இத்தனை பேர் சந்தோஷமாக இருக்கும்போது உங்கள் ஒருவருக்கு மட்டும் அதில் என்ன துக்கம்?

மெசேஜ்களை அழித்துவிட்டேன். கடைசியாக ஒன்று வந்தது, அதையும்.

தேய்த்துப் பார்த்தேன். ஒட்டவில்லை. அதற்காக எதுவும் மாறிவிடாது.

பிரமிளா


திருப்பதி
15 ஜூலை 2024
பேனா: கையில் கிடைத்தது. மை: பார்க்கவில்லை.

பிரமிளா,

பார்சல் திரும்பிவிட்டது. 'அனுப்பியவருக்கே திருப்பி அனுப்பப்படுகிறது' என்று காட்டுகிறது. அதற்குப் பிறகும் தினம் திறந்து பார்க்கிறேன். சென்னையை விட்டுப் போனது, துபாய் போனது, இப்போது எங்கே இருக்கிறதோ. நமக்கு வரும்போதெல்லாம் ஊர் ஊராக உட்கார்ந்து உட்கார்ந்து வரும். திரும்பிப் போகும்போது மட்டும் எங்கேயும் நிற்கவில்லை.

உன்னைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. கொஞ்சம் சொல்லத்தான் எழுதுகிறேன்.

சனிக்கிழமை எனக்கு லீவு. அவளைப் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது.

மோகன்ராஜ்


சித்தூர்
23 ஜூலை 2024

கௌசிகா நைனாவுக்கு,

பார்க்க வேண்டும்போல் இருக்கிறது என்று எழுதினீர்கள். வருகிறேன் என்று எழுதவில்லையே. பள்ளிக்கூட கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பேன் என்று எழுதவில்லையே.

வாட்ச்மேன் அண்ணனுக்குப் போன் போட்டு, "எவுரோ ஒச்சி பாப்பனே சூஸ்துன்னாரு சார்" என்று சொல்லியிருக்கிறான், யாரோ வந்து பாப்பாவையே பார்த்துக்கொண்டு நிற்கிறாராம். பெற்ற அப்பன் என்று அவனுக்கு எப்படித் தெரியும்? அண்ணன் வண்டியைப் போட்டுக்கொண்டு ஓடினார். உங்களைப் பஸ் ஸ்டாண்டில் ஏற்றிவிட்டு வீட்டுக்கு வந்து என்னைத்தான் கேட்டார். "உன் வூட்டுக்காரு கேட்டைப் புடிச்சிக்கினு அழுதுக்கினு நிக்கிறாரு, ஊரே வேடிக்கை பாக்குது. இந்த ஸ்கூல்லயும் டி.சி. வாங்கிக் குடுக்கப் போறாரா?" என்றார். அண்ணி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். அது அண்ணன் கேட்டதைவிட மோசம்.

நீங்கள் அழுதது நிஜமா? அதை மட்டும் எழுதுங்கள். வேறு ஒன்றும் எழுத வேண்டாம்.

பிரமிளா


திருப்பதி
29 ஜூலை 2024
பேனா: ஜப்பான். மை: கருநீலம்.

பிரமிளா,

நிஜம்தான். ஏன் என்றும் எழுதிவிடுகிறேன், நீ வேண்டாம் என்றாலும்.

அவள் வகுப்பு ஜன்னல் கேட்டைப் பார்த்துத்தான் இருக்கிறது. முதல் பெஞ்சில் ஓரமாக உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாள். உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. காலில் ஏதோ அடிபட்டிருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது. இடது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் குந்தியிருந்தாள்.

யாரும் அவளைப் பிடித்துவைத்திருக்கவில்லை. மிஸ் போர்டில் எழுதிக்கொண்டிருந்தார். பெல் அடித்து எல்லாப் பிள்ளைகளும் எழுந்து ஓடியதும் இவள் மெல்ல எழுந்து, கையை இழுத்து, உதறினாள். மரத்துப்போயிருக்கிறது. விரலை ஒவ்வொன்றாக நீவிவிட்டுக்கொண்டாள். அப்போதுதான் என்னைப் பார்த்தாள். டாட்டா காட்டினாள். பிரமிளா, அதைக்கூட வலது கையால் காட்டினாள்.

மச்சான் நல்லபடியாகத்தான் பேசினார். பஸ்ஸில் ஏற்றிவிடும்போது தண்ணீர் பாட்டில் வாங்கிக் கொடுத்தார். புத்தலப்பட்டு தாண்டும் வரை அதைத் திறக்காமலே மடியில் வைத்திருந்தேன்.

மோகன்ராஜ்


சித்தூர்
12 ஆகஸ்ட் 2024
பேனா: அதேதான். மை: தீரப்போகிறது, பாதி எழுத்து விழவில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

கௌசிகா நைனாவுக்கு,

உங்கள் கடிதம் வந்து பல நாள் ஆகிறது. நீங்கள் இட்டுக்கட்டி எழுதுகிறீர்கள் என்று நினைத்துக்கொள்ளப் பார்த்தேன். சாயங்காலம் ஹோம்வொர்க் எழுத உட்கார்ந்தாள். நான் எதிரில் வெங்காயம் உரித்துக்கொண்டு பார்த்தேன். பையைத் திறந்தாள், நோட்டை எடுத்தாள், கையைத் தொடைக்கு அடியில் வைத்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வருகிற மாதிரி, தன்னால் செய்தாள்.

"ஏன்டி அந்தக் கையி மேல குந்தியிருக்கே?" என்று கேட்டேன்.

"மேல குந்திக்கினா அதுக்கு எழுதறது மறந்துடும்னு மிஸ் சொன்னாங்கம்மா."

மறுநாள் பேக்டரிக்கு லீவு போட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போனேன். உங்களை மாதிரி கத்தக் கூடாது என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு போனேன். ஹெச்.எம். மேடம் காபி கொடுத்தார். "கொட்டலேதம்மா, கட்டலேது. அலவாட்டு அயிபோதுந்தி" என்றார். அடிக்கவும் இல்லையாம், கட்டவும் இல்லையாம், பழகிவிடுமாம். நான் போய்க் கேட்க நினைத்த கேள்விக்கெல்லாம் அவரே சிரித்துக்கொண்டு பதில் சொல்லிவிட்டார். காபியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

எனக்குக் கட்டித்தான் போட்டார்கள். கட்டினால் யாராவது அவிழ்த்துவிடலாம். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் என் அம்மா அவிழ்த்துவிடுவாள். இவளுக்கு நான் எதை அவிழ்ப்பேன்?

திரும்ப ஆர்டர் போடுங்கள். எந்த நிறமானாலும் சரி, எந்தப் பிடியானாலும் சரி, சீக்கிரம் வருவதாகப் போடுங்கள். வீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்து எழுதட்டும். இந்த வருஷம் முடியட்டும், பிறகு ஸ்கூலைப் பார்த்துக்கொள்ளலாம். அண்ணனுக்குத் தெரிய வேண்டாம். போன் செய்யாதீர்கள், நான் பேசுவது எல்லா அறைக்கும் கேட்கும் வீடு இது.

சீக்கிரம்.

பிரமிளா


திருப்பதி
26 ஆகஸ்ட் 2024
பேனா: ஜப்பான். மை: அமெரிக்கா.

பிரமிளா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அன்றைக்கே ஆதார் சென்டரில் வரிசையில் நின்று போன் நம்பரை மாற்றிவிட்டேன். இனி என் பெயரிலேயே வரும். உன்னைத் தொந்தரவு செய்ய வேண்டியதில்லை.

ஜெர்மனிக் கடைக்கு எழுதினேன். திரும்பிப் போன பார்சலைப் பிரித்து வேறு யாருக்கோ விற்றுவிட்டார்களாம். அவர்கள் மேல் என்ன கோபப்பட முடியும்? இரண்டு கைக்கும் பொதுவான பிடி வைத்த பேனா இருக்கிறது, உடனே அனுப்புகிறோம் என்றார்கள். இடது கைப் பிடி வேண்டுமென்றால் புதுச் சரக்கு நவம்பரில்தான் வரும், காத்திருக்க முடியுமா என்று கேட்டார்கள்.

காத்திருக்கிறேன் என்று எழுதிவிட்டேன்.

கோபப்படாமல் கேள். பொதுப் பிடி என்றால் அதையும் வலது கையில் கொடுத்து எழுது என்று யாராவது சொல்லிவிடுவார்கள். இடது கைப் பிடியை வலது கையில் பிடிக்கவே முடியாது. பள்ளம் மாறிக் கிடக்கும், கட்டைவிரல் நிற்காது. யார் சொன்னாலும் அவளால் மாற்றிப் பிடிக்க முடியாத பேனா அது. அவளுக்கென்று இந்த உலகத்தில் ஒரே ஒரு சாமானாவது அப்படி இருக்கட்டும். அதுவரை அவளைப் பென்சிலால் இடது கையில் எழுதச் சொல். கொஞ்சம் கொஞ்சமாக.

மோகன்ராஜ்


சித்தூர்
6 செப்டம்பர் 2024
பேனா: எடைச்சீட்டு போடும் பேனா. மை: ஊதா, கையெல்லாம் ஒட்டுகிறது.

கௌசிகா நைனாவுக்கு,

நான் சீக்கிரம் என்று எழுதினேன். இரண்டு தரம் எழுதினேன்.

பேனா அவளுக்கா, நம்முடைய சண்டைக்கா? எந்தப் பிடியானாலும் சரி என்று நான் இறங்கி வந்து எழுதியிருக்கிறேன். அது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியாதா? நீங்கள் ஜெயிப்பதற்காக நவம்பர் வரை பிள்ளையைக் கை மேல் குந்த வைக்கிறீர்கள். மிஸ்ஸுக்கும் உங்களுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? மூன்று பேருக்கும் அவள் கைதான் கிடைத்தது.

பென்சிலைக் கொடுத்துப் பார்த்தேன். முதல் நாள் இடது கையில் நாலு எழுத்து எழுதினாள், எனக்காக. மறுநாள் வாங்கவில்லை. "எந்தக் கையில எழுதுனாலும் யாராச்சும் திட்றீங்க" என்று சொல்லிவிட்டு நோட்டை மூடிவிட்டாள். அன்றிலிருந்து வலது கையும் ஒழுங்காகப் போகவில்லை. ஸ்டார் ஒட்டி அனுப்புவதும் நின்றுவிட்டது.

அந்தப் பொதுப் பிடிப் பேனாவை அனுப்பச் சொல்லி இன்றைக்கே எழுதுங்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

பிரமிளா


திருப்பதி
9 டிசம்பர் 2024
பேனா: ஜப்பான். மை: கருநீலம்.

பிரமிளா,

நீ கெஞ்சி எழுதிய கடிதம் கிடைத்த அன்றே கடைக்கு எழுதினேன், பொதுப் பிடியையே அனுப்பிவிடுங்கள் என்று. அதற்குள் அதுவும் தீர்ந்துவிட்டது. உனக்கு அதை எழுதக் கூச்சமாக இருந்தது. அதனால்தான் நீ இடையில் எழுதிய இரண்டு கார்டுக்கும் பதில் போடவில்லை. நீ சொன்னது சரி. நான் பேனாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பார்சல் நேற்று வந்தது. மழையில் அட்டைப்பெட்டி ஊறியிருந்தது, உள்ளே ஒன்றும் ஆகவில்லை. பச்சைப் பேனா, மூடியில் பெயர் எழுத ஒரு சின்னச் சீட்டு. முனையைக் கழுவி, காலி மைக்குழாயில் ஊசியால் அந்த அமெரிக்க மையை ஏற்றி வைத்திருக்கிறேன். எழுதிப் பார்க்கவில்லை. வாழ்க்கையில் முதல் தரமாக ஒரு புதுப் பேனாவை எழுதிப் பார்க்காமல் மூடி வைக்கிறேன். முதல் எழுத்தை அவள் எழுதட்டும். பெயர்ச் சீட்டிலும் அவளே எழுதட்டும்.

ரிஜிஸ்தர் தபாலில் அனுப்புகிறேன். இனிமேல் எந்தக் கஸ்டம்ஸும் இல்லை, பாகாலா வழியாக நேராக உன் கைக்கு வந்துவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் வரலாமா? கேட்டில் நிற்க மாட்டேன்.

மோகன்ராஜ்


சித்தூர்
17 டிசம்பர் 2024
பேனா: பேக்டரிப் பேனாதான். மை: உள்ளே இருப்பது.

கௌசிகா நைனாவுக்கு,

வாருங்கள். அண்ணனிடம் சொல்லிவிட்டேன். சரி என்று தலையை ஆட்டினார். வருவதற்கு முன் இதைப் படித்துவிட்டு வாருங்கள்.

பேனா சனிக்கிழமை கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை அண்ணனும் அண்ணியும் காணிப்பாக்கம் கோவிலுக்குப் போயிருந்தார்கள். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். பெட்டியைப் பார்த்ததும், "பச்சப் பேனா! நைனா அன்னிக்குக் காட்டுச்சே, அதுதானேம்மா?" என்று குதித்தாள். நிறத்தை மறக்கவில்லை. வாங்கி உடனே வலது கையில் பிடித்தாள்.

நீங்கள் எழுதிய மாதிரிதான். விரல் நிற்கவில்லை. திருப்பித் திருப்பிப் பிடித்துப் பார்த்தாள். "வரலம்மா. வெரலு வழுக்குது. நைனா வேற யாருக்கோ வாங்கினத அனுப்பிட்டாரு" என்றாள். "இல்லடி, இது உனக்குத்தான். அந்தக் கையில புடிச்சிப் பாரு" என்றேன். வாசல் பக்கம் ஒரு தரம் பார்த்தாள். கதவைச் சாத்திவிட்டு வந்தேன். அதற்குப் பிறகுதான் இடது கையை வெளியே எடுத்தாள்.

பிடி சரியாக உட்கார்ந்தது. 'க' எழுத ஆரம்பித்தாள். கை ஆடியது. மூன்று வயதில் நம் வீட்டுச் சுவரில் கரியால் எழுதினாளே, அதில் பாதிகூட வரவில்லை. கீழே இறங்க வேண்டிய கோடு எங்கேயோ போனது. பேனாவை மூடி என்னிடம் கொடுத்துவிட்டாள். "இந்தக் கையிக்கு எழுதத் தெரியாதும்மா" என்றாள். அழவில்லை. வருத்தமாகக்கூடச் சொல்லவில்லை. ஆறு மாதத்துக்கு முன் நான் அந்த ஓ.டி.பி.யைக் கொடுத்திருந்தால் என்று நினைத்துக்கொண்டே இருக்கிறேன். நீங்களும் எதையாவது நினைத்துக்கொண்டிருப்பீர்கள்.

அவளுக்குச் சொல்லிக்கொடுக்கலாம் என்று பேனாவை நான் வாங்கினேன். அம்மா எழுதினால் அவளும் எழுதுவாள் என்று நினைத்தேன். என் இடது கையில் பிடித்தேன். பிள்ளைப் பேனாதான், ஆனாலும் என் விரல் அந்தப் பள்ளத்தில் போய் உட்கார்ந்தது. என் பெயரை எழுத ஆரம்பித்தேன். அழுத்தவே வேண்டியிருக்கவில்லை. இதோடு வைத்திருக்கும் தாளைத் திருப்பிப் பின்பக்கம் தடவிப் பாருங்கள், இப்போது நானே சொல்கிறேன். ஒன்றும் புடைத்திருக்காது. கோணலாக இருக்கும், ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுதியதுபோல இருக்கும். ஆனால் அது என் எழுத்து. இத்தனை வயதில் முதல் தரமாக அதைப் பார்த்தேன்.

'பிர' வரைக்கும்தான் இருக்கும். அதற்கு மேல் ஒரு கோடு இழுத்துக்கொண்டு போயிருக்கும், பாருங்கள். அது கௌசிகா என் கையைப் பிடித்து இழுத்ததில் விழுந்தது. பயந்துபோய் என் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். பேனாவைப் பிடுங்கிப் பெட்டிக்குள் போட்டாள். என் இடது கையை என் தொடைக்கு அடியில் தள்ளினாள். "தப்புக் கையிம்மா. மேல குந்திக்க. மிஸ் பாத்தா உன்னையும் திட்டுவாங்க" என்றாள்.

பிறகு பென்சிலை வலது கையில் எடுத்துக்கொண்டு ஹோம்வொர்க் எழுத உட்கார்ந்தாள். நடுவில் நடுவில் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். அவள் எழுதி முடிக்கும் வரை நானும் அப்படியே குந்திக்கொண்டிருந்தேன்.

பிரமிளா